பழுதுபார்த்த பின் ஒரு பறப்பு: திட்டமிடுவோர் என்னிடம் கேட்டவை

ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் லான்சீரியா விமான நிலையத்தில் உள்ள ஒரு பராமரிப்புப் பட்டறையில் திட்டமிடல் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். ஸ்பேனர் பிடிப்பதில்லை. எந்த வேலை எந்த நாளில், யார் கையால், எந்தக் கார்டின்படி, அதாவது எந்த வழிமுறைத் தாளின்படி, நடக்க வேண்டும் என்று கணினியில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள், ஜோகன்னஸ்பர்க்கில் நம்மவர்கள் நிறைய வாழும் லெனேசியாவில் வளர்ந்து இங்கே பயிற்சிக்கு வருபவர்கள், டர்பனிலிருந்து அழைக்கும் நண்பர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், செக் ஃபிளைட் என்று சொல்வதை இங்கே சரிபார்ப்புப் பறப்பு என்று எழுதியிருக்கிறேன்.

வேலை முடிந்துவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. பிறகு எதற்கு அண்ணா, பயணிகள் இல்லாமல் ஒரு தடவை பறந்து பார்க்க வேண்டும்?

தரையில் நிற்கும் விமானம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. இறக்கையின் மேல் காற்று ஓடினால்தான் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் மீது, அதாவது விமானத்தைத் திருப்பும் அசையும் பகுதிகளின் மீது, சுமை ஏறும். உயரம் போனால்தான் கேபின் அழுத்தம் எங்கே கசிகிறது என்று தெரியும். தானியங்கி பைலட் திசையைப் பிடித்துக்கொள்கிறதா, புரொப்பெல்லரின் இதழ்களை விளிம்பு காற்றைப் பார்க்கும்படி சாய்த்து நிறுத்தினால் அது ஒழுங்காக நிற்கிறதா என்பதெல்லாம் ஹாங்கர் வாசலில் நின்று பார்க்கக் கூடியவை அல்ல.

ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தப் பறப்பு தேவையில்லை. டயர் மாற்றியதற்கும் விளக்கு மாற்றியதற்கும் யாரும் பறந்து பார்ப்பதில்லை. அமெரிக்க விதி இதை நன்றாகச் சொல்கிறது: விமானத்தின் பறக்கும் குணத்தையோ இயக்கத்தையோ கணிசமாக மாற்றியிருக்கக்கூடிய வேலை நடந்திருந்தால், தகுதியுள்ள பைலட் ஒருவர் பறந்து பார்த்துப் பதிவு செய்யும் வரை பயணிகளை ஏற்றக் கூடாது. தரைச் சோதனையும் ஆய்வும் அப்படி எதுவும் மாறவில்லை என்று ஐயமின்றிக் காட்டினால் பறக்கத் தேவையில்லை. அமெரிக்கப் பதிவெண் கொண்ட விமானங்கள் இங்கேயும் நிறைய வருவதால் அந்த விதியை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

அப்படியானால் எந்தெந்த வேலைக்குக் கட்டாயம்? ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்களேன்.

பட்டியல் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அதைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கையேட்டைப் படிக்காமல் விட்டுவிடுவீர்கள். தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு கேட்டால் பறக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு கேட்டாலும் பறக்க வேண்டும். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதி கேட்டால் பேச்சே இல்லை. கட்டுப்பாட்டுப் பரப்புகளை இயக்கும் கம்பிகளின் இழுவிசையை மாற்றி அமைத்தது, எஞ்சின் அல்லது புரொப்பெல்லர் மாற்றியது, பெரிய மாற்றியமைப்பு, குத்தகை முடிந்து விமானத்தைத் திருப்பிக் கொடுப்பது ஆகியவை அடிக்கடி வருபவை. ஆனால் ஒரே வேலைக்கு ஒரு வகை விமானத்தின் கையேடு பறப்பைக் கேட்கும், இன்னொரு வகை கேட்காது.

ஐரோப்பிய விதியில் இதற்கு இரண்டு நிலைகள் உண்டு. பறப்பின்போது அசாதாரண அல்லது அவசரகால நடைமுறைகளைப் பயன்படுத்த நேரும் என்று எதிர்பார்த்தாலோ, மாற்று அமைப்பு ஒன்று வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகவே பறந்தாலோ அது ஏ நிலை. மற்றதெல்லாம் பி நிலை. 2019இல் வந்த திருத்தத்தில் இந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு ஐரோப்பிய விதி நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். பக்கத்துத் தீவான ரீயூனியன் பிரான்சின் பகுதி, அங்கே அந்தச் சட்டம்தான். ஐரோப்பியப் பதிவு விமானம் எப்போது உங்கள் வாசலில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, இந்த ஏ, பி பிரிவினை எந்த நாட்டு விமானத்துக்கும் யோசிப்பதற்கு வசதியானது. நான் எல்லாப் பறப்புக்கும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

சாஃப்ட்வேரே எல்லாவற்றையும் திட்டம் போட்டுவிடும் என்கிறார்களே, பிறகு நாம் எதற்கு?

ஆமோஸ், டிராக்ஸ், நம் சென்னையிலிருந்து வரும் ராம்கோ என்று பல சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எல்லாம் அடிப்படையில் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு பாகமும் எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை முறை ஏறி இறங்கியது, எந்தத் தேதியில் ஆயுள் முடிகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். வேலைகளைக் கட்டாகக் கட்டித் தரும், அந்தக் கட்டுதான் வொர்க் பேக்கேஜ். கையெழுத்து இல்லாமல் அடுத்த கதவைத் திறக்க விடாது, ஆனால் நீங்கள் அப்படிப் பூட்டி வைத்திருந்தால் மட்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நம் வேலை இருக்கிறது. எந்தக் கார்டு எந்தக் கார்டுக்கு முன் முடிய வேண்டும், எது முடியாமல் விமானத்தைச் சேவைக்கு விடக் கூடாது என்பதை ஒரு மனிதர் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாததைச் சாஃப்ட்வேர் ஊகிக்காது.

எந்தச் சாஃப்ட்வேர் நல்லது?

உங்கள் ஆட்கள் ஒழுங்காகப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர்.

வொர்க் பேக்கேஜின் கடைசியில் ஒரு கார்டு போட்டு "பறந்து சரிபார்க்கவும்" என்று எழுதினால் போதாதா?

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு பட்டறையில், டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லர் சுழலும் டர்போபிராப் வகை, இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றுக்கு ஒரு பக்க எஞ்சினை மாற்றினோம். வியாழக்கிழமை மாலை கடைசி மெக்கானிக்கல் கார்டுக்குக் கையெழுத்து விழுந்தது. ஷிப்ட் முடிகிற அவசரத்தில் யாரோ மீதிக் கார்டுகளை மொத்தமாகத் தேர்வு செய்து மூடிவிட்டார்கள். "பறந்து சரிபார்க்கவும்" என்ற என் ஒற்றை வரிக் கார்டும் அந்தக் கூட்டத்தோடு மூடிக்கொண்டது. திரையில் சிவப்பாக இருந்த விமானம் பச்சையானது. பச்சையானதும் இயக்கப் பிரிவின் பட்டியலில் தானாகப் போய் உட்கார்ந்தது. மறுநாள் காலை ஏழு பயணிகளோடு கிம்பர்லிக்கு.

அதைக் கண்டுபிடித்தது எந்த எச்சரிக்கை மணியும் அல்ல. எரிபொருள் கேட்டு ஒரு சீட்டு என் மேசைக்கு வந்தது, அளவு ஒரு மணிநேரச் சரிபார்ப்புப் பறப்புக்கு மிக அதிகம். ஏன் இவ்வளவு என்று போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு சரிபார்ப்புப் பறப்பை நான் வொர்க் பேக்கேஜின் ஒரு கார்டாகப் போடுவதில்லை. தனி வேலை உத்தரவாகப் போடுகிறேன், சோதனைகள் எழுதிய பறப்புக் கார்டு அதற்குள் இருக்கும். மொத்தமாகத் தேர்வு செய்து மூட முடியாதபடி அது வேறு பேக்கேஜில் இருக்கும். அதற்கு முன்நிபந்தனைகள் உண்டு: கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டிருந்தால் இரண்டாவது ஆளின் தனி ஆய்வு முடிந்திருக்க வேண்டும், எடை மாறியிருந்தால் புதிய எடைத்தாள் ஏறியிருக்க வேண்டும், எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்த எண்கள் பதிவாகியிருக்க வேண்டும், ஒத்திவைத்த பழுதுகளைப் பைலட் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இவை முடியாமல் பறப்பு உத்தரவு திறக்காது. பறப்பு உத்தரவு மூடாமல் விமானம் பச்சையாகாது. அதை மூடும் உரிமை இரண்டே பேருக்கு. அந்த இரண்டு பேரில் நான் இல்லை, அதையும் நானேதான் கேட்டு வாங்கினேன்.

ரிலீஸ் சான்றிதழ் பறப்புக்கு முன்னாலா, பின்னாலா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

வேலை முடிந்தது, விமானத்தைச் சேவைக்கு விடலாம் என்று கையெழுத்திடுவதுதான் ரிலீஸ் சான்றிதழ். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சூழ்நிலையை மனதில் வைத்துக்கொண்டு சொல்வதால் வரும் குழப்பம் இது. வேலை முழுவதும் முடிந்துவிட்டது, ஆனாலும் ஒரு நிம்மதிக்காக உங்கள் நிறுவனம் பறந்து பார்க்க விரும்புகிறது என்றால், சான்றிதழ் முன்னாலேயே முழுமையாக வந்துவிடும். பறப்பு அதன் மேல் கூடுதல் உறுதி.

பறந்து பார்த்தால்தான் வேலையே முடிகிறது என்று கையேடு சொன்னால் கதை வேறு. அப்போது வேலை இன்னும் முடியவில்லை என்பதையும், பறப்பில் எது மீதி இருக்கிறது என்பதையும் எழுதித்தான் விமானத்தை விட வேண்டும். திரும்பி வந்த பிறகு மீதிக்கு இன்னொரு கையெழுத்து. மூன்றாவது வகை, பழுது என்னவென்றே தரையில் பிடிபடவில்லை, பறந்தால்தான் தெரியும் என்பது. அங்கே சரி செய்துவிட்டோம் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது, ஆணையத்திடம் சிறப்பு அனுமதி கேட்கும் பாதைக்குப் போக வேண்டியிருக்கும்.

சாஃப்ட்வேரில் இந்த மூன்றுக்கும் மூன்று தனி நிலைகளை அமைத்து வையுங்கள். பல இடங்களில் திறந்தது, மூடியது என்று இரண்டே நிலைகளைப் பார்க்கிறேன். நடுவில் ஒன்று இல்லாததால் ஆட்கள் மூடியது என்பதைத் தேர்வு செய்துவிடுகிறார்கள்.

பறப்புக் கார்டில் என்னதான் எழுதுவது? பைலட்டுக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது அவருக்குத் தெரிந்தது மட்டும் போதவில்லை என்பதற்கு 2008 நவம்பர் 27 சாட்சி. ஏர் நியூசிலாந்துக்குச் சொந்தமான ஏர்பஸ் ஏ320 ஒன்று ஜெர்மன் நிறுவனத்திடம் குத்தகையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும் முன், பிரான்சின் பெர்பிஞ்ஞான் நகரிலிருந்து சரிபார்ப்புப் பறப்புக்குக் கிளம்பினார்கள். சில நாட்களுக்கு முன் விமானத்தைக் கழுவியபோது, காற்று எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்று அளக்கும் உணரிகளை மூடாமல் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். உள்ளே போன நீர் மேலே உறைந்து, மூன்று உணரிகளில் இரண்டு சிக்கிக்கொண்டன. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டார் சோதனைகளுக்கு இடம் கொடுக்காததால் திட்டம் குலைந்தது. நல்ல உயரத்தில் செய்ய வேண்டிய குறைவேகச் சோதனையை, இறங்கும் வழியில், சுமார் 3,000 அடியில் செய்தார்கள். சிக்கிய உணரிகளால் விமானத்தின் தானியங்கிப் பாதுகாப்பு கைகொடுக்கவில்லை, விமானம் விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

தண்ணீர் போனது பராமரிப்பின் பிழை. ஆனால் 3,000 அடியில் அந்தச் சோதனையைச் செய்யலாம் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. ஆகவே என் கார்டில் ஒவ்வொரு சோதனைக்கும் இவ்வளவு எழுதுகிறேன்: எந்த உயரத்துக்கு மேல், எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரை, என்ன எண் வர வேண்டும், எந்த எண் வந்தால் உடனே விட்டுவிட வேண்டும், இந்தச் சோதனை விடுபட்டால் அடுத்ததைச் செய்யலாமா. கடைசி வரி எப்போதும் ஒன்றேதான்: கார்டில் இல்லாததைச் செய்ய வேண்டாம். இடம் கிடைக்கவில்லை என்றால் திரும்பி வாருங்கள், நாளை புதிதாகத் திட்டமிடலாம்.

பைலட் வந்து வாயாலேயே பழுதைச் சொன்னார், மெக்கானிக் உடனே சரி செய்தார். அதற்கும் எழுத்து வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு நான் குரல் உயர்த்திப் பதில் சொல்வேன் என்று ஹாங்கரில் எல்லோருக்கும் தெரியும்.

2009 ஜனவரி 12, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்கு மேல் ஒரு போயிங் 737. பராமரிப்பு முடிந்து, ஒப்படைப்பதற்கு முந்தைய பறப்பு. பராமரிப்புக்கு முன்னால் நடந்த பறப்பில், மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பகுதி எலிவேட்டரின் சமநிலைத் தகடுகளைச் சற்றுத் திருத்த வேண்டும் என்று கேப்டனுக்குப் பட்டது. அதை அவர் வாய்மொழியாகச் சொன்னார். விமானத்தின் பழுதுகளை எழுதும் டெக் லாகில் பதிவு இல்லை. போகும் வழியில் சொல் திரும்பிக்கொண்டது, திருத்தம் எதிர்த்திசையில் நடந்தது. அடுத்த பறப்பில் ஹைட்ராலிக்கை அணைத்துக் கையால் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு வந்ததும் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு பாய்ந்தது. சுமார் 9,000 அடி இழந்த பிறகுதான் மீட்டார்கள். உள்ளே நான்கு பேர், யாருக்கும் காயமில்லை.

மேலே, கீழே, கொஞ்சம், அந்தப் பக்கம் போன்ற சொற்கள் டீ குடிக்கும் இடத்துக்குச் சரி. எங்கள் சாஃப்ட்வேரில் பைலட் இறங்கியவுடன் டேப்லெட்டில் பழுதை அவரே பதிவு செய்கிறார். அதற்கு ஓர் எண் விழுகிறது. அந்த எண் இல்லாமல் பண்டகசாலை ஒரு வாஷரைக்கூடக் கொடுக்காது. விமானத்தின் மின்னணுக் கருவிகளைப் பார்க்கும் எங்கள் ஏவியானிக்ஸ் அண்ணா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர், பாட்டியிடம் கேட்டுக் கற்ற தமிழ். பைலட் யாராவது நடந்துகொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்தால் காதைக் கையால் மூடிக்கொண்டு "நம்பர் கொடுங்கள்" என்று தமிழிலேயே சொல்வார். ஆஃப்ரிகான்ஸ் பேசும் பைலட்டுகளுக்கும் இப்போது அந்த இரண்டு சொல் தெரியும்.

நம்மிடம் முப்பது வருட கேப்டன் இருக்கிறார். அவர் ஓட்டினால் போதும்தானே?

முப்பது வருடம் பயணிகளோடு பத்திரமாகப் போய் வந்தவர் என்பது ஒரு திறமை. வேண்டுமென்றே ஓர் அமைப்பை அணைத்துவிட்டு அடுத்தது எழுகிறதா என்று பார்ப்பது வேறு திறமை. மேலே சொன்ன ஐரோப்பிய ஏ நிலைப் பறப்புக்கு, சிக்கலான விமான வகைகளில் கேப்டனாக வருபவர் அதே வகைப்பாட்டில் 1,000 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 400 மணிநேரமாவது சிக்கலான விமானங்களில் தலைமைப் பைலட்டாக, 50 மணிநேரமாவது அந்தக் குறிப்பிட்ட வகையில். அதோடு தனிப் பயிற்சி. பி நிலைக்கு இவ்வளவு கேட்பதில்லை.

சாஃப்ட்வேரில் பைலட்டின் பெயருக்கு எதிரே உரிமம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் கடைசித் தேதிகள் எப்படியும் இருக்கும். சரிபார்ப்புப் பறப்புக்கு என்று தனித் தகுதியாக இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரி காலியாக இருக்கும் பெயர் பறப்பு உத்தரவில் ஏறவே கூடாது. இல்லாவிட்டால் அன்று யார் சும்மா இருக்கிறாரோ அவர்தான் போவார்.

வேலை செய்தவன் நான். என்னையும் ஏற்றிக்கொள்வார்களா? முதலாளி மகனும் வருகிறேன் என்கிறான்.

நீங்கள் ஏறுவது கார்டில் உங்களுக்கு ஒரு வேலை இருந்தால் மட்டும்: ஓர் எண்ணைப் படிப்பது, அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது. அதுவும் பறப்பில் என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகு. முதலாளி மகன் ஏற மாட்டான்.

1996 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெரிய மாற்றியமைப்புக்குப் பிறகு பறந்த டிசி-8 சரக்கு விமானம் விழுந்ததில் ஆறு பேர் இறந்தார்கள். மூவர் விமானிகள் குழு, மூவர் பராமரிப்பு ஆட்கள். உள்ளே ஒவ்வோர் ஆளும் ஏன் இருக்கிறார் என்று எழுதக் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்த பிறகுதான்.

எப்போது கேட்டாலும் காலை, காலை என்று அடம்பிடிக்கிறீர்களே, மத்தியானம் பறந்தால் என்ன?

இதற்கு மூன்று காரணங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் மதியம் தாண்டினால் இடிமேகம் கட்டும். காலையில் கண்ணாடி போல இருந்த வானம் மூன்று மணிக்குக் கருத்துவிடும்.

இரண்டாவது, எஞ்சின் எண்கள். லான்சீரியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. 30 பாகை வெயிலில் காற்று அங்கே ஏறக்குறைய 7,400 அடியில் இருப்பது போல மெலிந்துவிடும். டர்போபிராப் எஞ்சின் டர்பனில் முறுக்குவிசை எல்லையை முதலில் தொடும், இங்கே மதிய வெயிலில் வெப்பநிலை எல்லையை முதலில் தொடும். டர்பனிலிருந்து அழைத்த நண்பர் ஒருவர், "எங்கள் விமானம் உங்களிடம் வந்து போனதிலிருந்து சூடாக ஓடுகிறது என்று உங்கள் தாளே சொல்கிறதே" என்று கோபித்துக்கொண்டார். வெப்பநிலையும் உயரமும் எழுதாமல் எஞ்சின் எண்ணை மட்டும் ஏற்றியதால் வந்த வினை. இப்போது அந்த இரண்டு கட்டங்களும் நிரம்பாமல் எஞ்சின் எண்ணைச் சாஃப்ட்வேர் வாங்கிக்கொள்வதில்லை.

மூன்றாவது, வெளிச்சம். மேலே சொன்ன டிசி-8 மதியம் கிளம்பியிருக்க வேண்டியது, தாமதமாகி இருட்டிய பிறகு கிளம்பியது. மேகங்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெளிவான அடிவானம் இல்லாமல், இறக்கையின் தூக்குவிசை குலையும் அளவுக்கு வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தார்கள். காலையில் திட்டமிட்டால் தாமதத்துக்கும் இடம் இருக்கும். நான் உத்தரவிலேயே ஒரு கடைசி நேரம் போடுகிறேன். பதினொன்றுக்குள் சக்கரம் மேலே போகவில்லை என்றால் அன்றைக்கு இல்லை.

நேரம் என்றதும் நினைவு வருகிறது. சாஃப்ட்வேர் உலக நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதைவிட இரண்டு மணிநேரம் முந்தியது. 06:00 என்று நான் போட்டதை உள்ளூர் நேரமாகப் படித்து, எரிபொருள் வண்டிக்காரர் ஜூலைக் குளிரில் காலை ஆறு மணிக்கே வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அச்சிடும் தாளில் இரண்டு நேரமும் வரும்.

மின்வெட்டு வந்து திரை அணைந்துவிட்டால்?

2023இல் நாம் எல்லோரும் கற்ற பாடம் இது. பறப்புக்கு முந்தைய மாலையே கார்டை அச்சிட்டு, பதிப்பு எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் மேலே போட்டு வைப்பேன். ஆனால் அச்சிட்ட பிறகு யாராவது கணினியில் கார்டைத் திருத்தியிருக்கலாம். அதனால் காலையில் பதிப்பு எண்ணை ஒப்பிட்டு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மின்சாரம் இல்லை, ஒப்பிட முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டும்.

பயணிகள் இல்லாத பறப்புதானே, அந்த மணிநேரம் கணக்கில் சேருமா?

சேரும். எஞ்சினுக்கு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. மணிநேரமும் சேரும், ஏறி இறங்கிய கணக்கும் சேரும்.

இதில் ஒரு வலை இருக்கிறது. ஒரு பாகத்துக்கு இன்னும் 2.0 மணிநேரம் மீதி, பறப்பு 1.4 மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை பச்சையாகவே இருக்கும். ஆனால் முதல் பறப்பில் ஏதோ சரியில்லை, திருத்திவிட்டு மறுபடி பறக்க வேண்டும் என்றால் 2.8 ஆகிவிடும், எல்லை தாண்டிவிடும். ஆகவே பறப்பைத் திட்டமிடும்போது ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கில் வைத்து, அதற்குள் ஆயுள் முடியும் பாகம் எது என்று சாஃப்ட்வேரில் முன்கணிப்பு ஓட்டிப் பாருங்கள். அந்தப் பாகத்தை இப்போதே மாற்றிவிடலாம், விமானம்தான் திறந்து கிடக்கிறதே.

ஜார்ஜ் நகரில் 2020இல் விழுந்த விமானமும் சரிபார்ப்புப் பறப்பில்தானே இருந்தது?

இல்லை. ஜனவரி 23 அன்று ஜார்ஜ் அருகே மலையில் மோதிய செஸ்னா சைட்டேஷன், விமான நிலையத்தின் வழிகாட்டும் கருவிகளை அளந்து பார்க்கும் அளவீட்டுப் பறப்பில் இருந்தது. மூவர் இறந்தார்கள். அங்கே சோதனைக்கு உள்ளானது தரையிலுள்ள கருவி, நாம் பேசுவது விமானத்தையே சோதிப்பதைப் பற்றி. இரண்டையும் தமிழில் சோதனைப் பறப்பு என்று எழுதிவிடுவதால் குழம்புகிறது. புது வகை விமானத்தை வடிவமைப்பவர்கள் பறப்பதும் வேறு. சாஃப்ட்வேரில் பறப்பின் வகை என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் சரியானதைத் தேர்வு செய்யுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

பறந்து வந்தாயிற்று. பதினேழு சோதனை சரி, ஒன்று மட்டும் எல்லைக்கு வெளியே. பாஸா, ஃபெயிலா?

பள்ளித் தேர்வு இல்லையே தம்பி, சராசரி எடுப்பதற்கு. அந்த ஒன்றுக்குப் பழுது எண் திறங்கள், பறப்பு உத்தரவைத் திறந்தே வையுங்கள். திருத்தத்துக்குப் பிறகு முழுக் கார்டையும் மறுபடி பறக்க வேண்டுமா, அந்தச் சோதனை மட்டும் போதுமா என்பது என்ன திருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. கேபின் கதவின் ரப்பரை மாற்றியிருந்தால் அழுத்தச் சோதனை மட்டும் போதும். இழுவைக் கம்பியைத் தொட்டிருந்தால் இரண்டாவது ஆளின் ஆய்விலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். முடிவு பொறியாளருடையது, அதை அவர் பெயரோடு பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதினேழும் எல்லைக்கு உள்ளே என்பதோடு நிற்காமல் போன தடவை எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லைக்கு உள்ளேதான், ஆனால் போன தடவைக்கு இந்தத் தடவை பெரிய தாவல் என்றால் எனக்கு அது பிடிக்காது. இந்த ஒப்பீட்டில்தான் சாஃப்ட்வேர் உண்மையிலேயே கூலி கொடுக்கிறது. காகிதக் கோப்பில் ஐந்து வருடத்துக்கு முந்தைய தாளைத் தேடி எடுப்பதற்குள் விமானம் போய்விடும்.

விமானம் எப்படியும் டர்பன் போக வேண்டும். போகிற வழியிலேயே சரிபார்த்துவிட்டால் எரிபொருள் மிச்சம்தானே?

இதைக் கேட்டவர் விமானத்தின் சொந்தக்காரர், இங்கே வியாபாரம் செய்யும் நம் ஆள். தைப்பூசத்துக்கு டர்பனின் உம்பிலோ கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டுதல். புரொப்பெல்லர் இரண்டும் மாற்றி முடித்திருந்தோம். "நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான் ஐயா, பயணிகள் என்று யாருமில்லை" என்றார்.

அவரும் வீட்டுக்காரியும்தான் பயணிகள், அது முதல் பதில். கார்டில் அவர்களுக்கு வேலை இல்லை. இரண்டாவது, சரிபார்ப்புப் பறப்பு என்றால் ஏதாவது தவறினால் பத்து நிமிடத்தில் கிளம்பிய இடத்துக்கே திரும்ப முடிகிற தூரத்தில் சுற்ற வேண்டும். டர்பன் பாதையில் பாதி தூரத்துக்குப் பிறகு கீழே டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் இருக்கும். மூன்றாவது, போய்ச் சேர வேண்டிய ஊர் ஒன்று இருந்தால் பைலட் போய்ச் சேரத்தான் பார்ப்பார். ஓர் எண் கொஞ்சம் வெளியே போனாலும், டர்பனில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும்.

அவருக்கு வருத்தம்தான். மனைவியோடு என்3 நெடுஞ்சாலையில் காரில் போனார், ஆறு மணிநேரம். நாங்கள் விமானத்தைச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு எடுத்தோம். கார்டின் நான்காவது வரி, வலப்பக்கப் புரொப்பெல்லரைக் காற்றுக்குச் சாய்ப்பது. சாய்ந்தது, ஆனால் எழுதியிருந்த நேரத்தைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டது. பைலட் மீதி வரிகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார், டேப்லெட்டில் பழுதைப் பதிவு செய்தார், ஏவியானிக்ஸ் அண்ணா எட்டிப் பார்த்து நம்பர் விழுந்துவிட்டதா என்று கேட்டார். மதியம் சொந்தக்காரரிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது, மயிலிறகுக் காவடி, தோளெல்லாம் மஞ்சள். கீழே ஒரு வரி: விமானம் எப்படி இருக்கிறது? செவ்வாய்க்கிழமை வரை நிற்கும் என்று பதில் போட்டேன்.